பெட்டி ஆமையின் பனிக்கால வாசம்

அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில், அக்டோபர் மாதம் பாதி கழிந்து, ஓக் மரங்களும் மேப்பிள் மரங்களும் உதிர்த்த இலைகள் கணுக்கால் புதையும் அளவுக்குத் தரையை மூடிவிடும் சமயத்தில், அந்தக் காடுகளுக்கே உரிய சிறு பிராணி ஒன்று, இரை எடுப்பதைப் படிப்படியாகக் குறைத்துப் பிறகு அறவே நிறுத்தி, சருகுக் குவியலுக்குள் தலையை நுழைத்து, முன்னங்கால்களால் மண்ணை விலக்கிக்கொண்டு மெல்ல மெல்லப் பூமிக்குள் இறங்கிவிடுகிறது. ஏப்ரல் மாதத்து மழையில் மண் இளகும் வரையில் அது பெரும்பாலும் வெளியே தலைகாட்டுவதில்லை. இதற்குப் பெட்டி ஆமை என்று பெயர். இதை வீட்டில் வைத்துப் போஷிக்கிறவர்கள் அந்நாட்டில் பலர் உண்டு. பனிக்காலத்தில் இதற்கு வீட்டுக்குள்ளேயே ஓர் இருப்பிடம் அமைத்துக் கொடுக்கவேண்டிய அவசியமும் அவர்களில் பலருக்கு நேர்கிறது. அந்த இருப்பிடம் எப்படி அமையவேண்டும் என்பதையே இங்கே சொல்ல விரும்புகிறேன். ஏனெனில், மிகுந்த பிரியத்தோடு வளர்க்கிறவர்களே கூட இதில் ஒரு முக்கியமான விஷயத்தைக் கவனியாமல் விட்டு, தாம் நேசிக்கும் ஜீவனுக்குத் தம்மை அறியாமலே துன்பம் விளைத்துவிடுகிறார்கள்.

உருவத்தில் இது பெரிதன்று. முழு வளர்ச்சி பெற்ற ஆமையின் ஓடு பெரும்பாலும் 12 முதல் 15 சென்டிமீட்டர் நீளம்தான் இருக்கும். நன்றாகக் குவிந்து உயர்ந்த அந்த மேலோட்டின் கபில நிறத்தின்மேல் மஞ்சளும் ஆரஞ்சுமாகக் கோடுகளும் புள்ளிகளும் சிதறிக் கிடக்கின்றன. ஓர் ஆமையின் சித்திரம் போல் மற்றோர் ஆமைக்கு அமைவதில்லை. ஆண் ஆமைகளில் பலவற்றுக்குக் கண்கள் செக்கச்செவேல் என்றிருக்கும். ஆனால் இதன் தனி விசேஷம் வயிற்றுப் பக்கத்து ஓட்டில் இருக்கிறது. அந்த ஓட்டின் குறுக்கே ஒரு கீல் அமைந்திருப்பதால், ஆபத்து நேர்ந்தவுடன் தலையையும் நான்கு கால்களையும் உள்ளிழுத்துக்கொள்வதோடு நில்லாமல், முன்பாதியையும் பின்பாதியையும் மேலே தூக்கி மேலோட்டோடு பொருத்தி, ஒரு புல்லிதழும் நுழைய இடமில்லாதபடி தன்னைப் பூட்டிக்கொள்ள இதனால் முடிகிறது. 1758-ஆம் ஆண்டில் லின்னேயஸ் இதைச் சாஸ்திர ரீதியாக வர்ணித்துப் பெயரிட்டார். வட கரோலினா மாநிலம் 1979-லும், டென்னஸி மாநிலம் 1995-லும் இதைத் தங்கள் மாநில ஊர்வனமாக அங்கீகரித்துக் கௌரவித்தன.

தரையிலேயே திரிந்து தரையிலேயே உறங்கினாலும், வம்ச முறையில் இது நம் நாட்டு நட்சத்திர ஆமை போன்ற தரையாமைகளின் இனத்தைச் சேர்ந்ததன்று. குளத்தாமைகளின் குடும்பத்தில் பிறந்து நிலத்தில் வாழப் பழகிக்கொண்டது. இந்த உறவை மறந்தவர்கள்தான் இதை உலர்ந்த மணலிலும் மரச்சீவலிலும் வைத்து, மேலே ஒரு விளக்கைத் தொங்கவிட்டு, வேண்டிய சௌகரியம் செய்து கொடுத்துவிட்டதாக எண்ணித் திருப்தி அடைகிறார்கள்.

இயற்கையில் மண்ணுக்குள் உறங்கியே பனிக்காலத்தைக் கடந்துவிடும் பிராணியை வீட்டுக்குள் கொண்டுவருவானேன் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். இந்த ஆமையின் உடல் குளிரைத் தாங்கும் சக்தி வியக்கத்தக்கது. காஸ்டான்சோ, கிளாஸன் என்ற இரு விஞ்ஞானிகள் 1990-ல் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, உடலில் உள்ள நீரில் பாதிக்கு மேல் பனிக்கட்டியாக உறைந்து, அந்த நிலையிலேயே சில நாட்கள் கிடந்த பிறகும், இளகியவுடன் இது மீண்டும் எழுந்து நடமாடுகிறது. உறைந்து மீளும் ஆற்றல் படைத்த முதுகெலும்புப் பிராணிகளில் இவ்வளவு பெரியவை மிகச் சிலவே. ஆகவே, ஆரோக்கியமாகவும் போதிய எடையோடும் உள்ள ஆமையை, தகுந்த தோட்டமும் ஆழமான மண்ணும் இருக்குமானால், அதன் இயல்புப்படி உறங்க விட்டுவிடுவதே உத்தமம். ஆனால் கோடையில் நோயுற்று எடை குறைந்துபோனது, காதருகே சீழ்க்கட்டி வந்து ஆறிக்கொண்டிருப்பது, உடல்நிலை இன்னதென்று தெரியாத நிலையில் புதிதாக வந்து சேர்ந்தது ஆகிய ஆமைகளை உறக்கத்துக்கு விடுவது அபாயம். உறக்கத்தின்போது ஜீரணமும் நோயை எதிர்க்கும் சக்தியும் ஏறக்குறைய ஓய்ந்துவிடுவதால், உள்ளே இருக்கும் சிறு வியாதியும் யாருக்கும் தெரியாமல் அதை முடித்துவிடக்கூடும். முட்டையிலிருந்து வெளிவந்த முதல் வருஷத்துக் குஞ்சுகளையும் பெரும்பாலோர் உறங்க விடுவதில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. உறங்குவதானால் முழுக் குளிரில், அதாவது சுமார் 4 முதல் 10 டிகிரி செல்சியஸுக்குள் உறங்கவேண்டும். விழித்திருப்பதானால் முழு வெதுவெதுப்பில் விழித்திருக்கவேண்டும். இரண்டுக்கும் நடுவே, 13 முதல் 18 டிகிரி வரையுள்ள அரைகுறைக் குளிரில், கார் நிறுத்தும் கொட்டகையிலோ ஜன்னலோரத்திலோ ஆமையை வைத்துவிட்டால், இரையை ஏற்று ஜீரணிக்கும் அளவுக்கு உடலில் சூடும் இராது, சேமித்த கொழுப்பைச் செலவழிக்காமல் அடங்கிக் கிடக்கும் அளவுக்குக் குளிர்ச்சியும் இராது; மாதக்கணக்கில் பட்டினி கிடந்து, வசந்தம் வரும் முன்பே அது மெலிந்து மாண்டுபோகும். வீட்டுக்குள் வைப்பது என்று தீர்மானித்துவிட்டால், இரவு நேரத்து உஷ்ணம் 10 டிகிரிக்குக் கீழே தொடர்ந்து இறங்கத் தொடங்கும் முன்பே, செப்டம்பரிலோ அக்டோபர் தொடக்கத்திலோ, ஆமையை உள்ளே எடுத்துவிட வேண்டும்.

இனி நான் முக்கியம் என்று குறிப்பிட்ட விஷயத்துக்கு வருகிறேன். பனிக்காலம் என்றதும் எல்லோருடைய கவலையும் குளிரைப் பற்றியதாகவே இருக்கிறது. விளக்கு எத்தனை வாட், வெப்பத்துக்கு எந்தக் கருவி என்றுதான் முதலில் கேட்கிறார்கள். ஆனால் வீட்டுக்குள் வந்த பெட்டி ஆமையின் பெரிய சத்துரு குளிர் அன்று, வறட்சிதான். இதன் காரணம் எளியது. பூஜ்யம் டிகிரியில் உள்ள ஒரு கன மீட்டர் காற்று, எவ்வளவு ஈரமாக இருந்தாலும், ஏறத்தாழ 5 கிராம் நீராவியைத்தான் தாங்கும்; அதே காற்றை உள்ளே இழுத்து 22 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் கொள்ளளவு 19 கிராமுக்கு மேல் உயர்ந்துவிடுகிறது, ஆனால் அதில் இருக்கும் நீரோ அதே 5 கிராம்தான். ஆகவே, வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்கும்போதே, உலை மூட்டிச் சூடாக்கிய அமெரிக்க வீட்டின் உட்புறத்தில் காற்றின் ஈரப்பதம் 25 சதவிகிதத்துக்கும் இறங்கி, பாலைவனத்தை ஒத்துவிடுகிறது. அங்கே குடியிருக்கிறவர்களின் உதடு வெடிப்பதும், சால்வையைத் தொட்டால் மின்பொறி பறப்பதும் இதனால்தான். 70 முதல் 80 சதவிகிதம் ஈரமுள்ள காட்டுத் தரையில் மூக்கை வைத்துக்கொண்டு வாழப் பிறந்த பிராணி இந்தக் காற்றில் என்ன பாடுபடும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். அதன் தோல் வறண்டு உரிகிறது; கண்ணிமைகள் ஒட்டிக்கொள்கின்றன; சுவாசப் பாதை உலர்ந்து நோய்க் கிருமிகளுக்கு இடங்கொடுக்கிறது; உடலின் நீர் குறையக் குறைய மூத்திரப்பிண்டங்கள் சோர்ந்துபோகின்றன. இந்த நிலையில் மேலே இன்னும் ஒரு சூடான விளக்கைத் தொங்கவிடுவது வறட்சியை அதிகப்படுத்துவதே ஆகும். எனவே பனிக்கால இருப்பிடத்தை விளக்கிலிருந்து தொடங்கக்கூடாது, மண்ணிலிருந்து தொடங்கவேண்டும்.

மண்ணைத் தாங்கும் பெட்டியைப் பற்றி முதலில் இரண்டு வார்த்தை. குறைந்த பட்சம் நான்கடி நீளமும் இரண்டடி அகலமும் வேண்டும். ஆறடிக்கு மூன்றடி கிடைத்தால் நல்லது. சுவர் ஒன்றரை அடிக்குக் குறையாமல் இருக்கவேண்டும், ஏனெனில் இது மூலையில் காலை ஊன்றி ஏறுவதில் கெட்டிக்கார ஜந்து. கண்ணாடித் தொட்டியைத் தவிர்ப்பது நலம். ஊடுருவிப் பார்க்க முடிகிற சுவர் ஒன்று உண்டு என்பது ஆமையின் புத்திக்கு எட்டாததால், எதிரே தெரியும் இடத்துக்குப் போய்விடும் நோக்கத்தோடு அது நாளெல்லாம் கண்ணாடியை நகத்தால் பிராண்டிக்கொண்டு, மூக்கை உராய்த்துக்கொண்டு, நிம்மதியற்று அலையும். பலகைகளால் பெட்டி செய்து, குளங்களுக்கு அடியில் விரிக்கும் தடித்த ரப்பர் விரிப்பை உள்ளே பரப்பிக்கொள்வது ஒரு முறை. பண்ணைகளில் கால்நடைகளுக்குத் தண்ணீர் காட்டும் பெரிய பிளாஸ்டிக் தொட்டியை வாங்கிவிடுவது அதைவிடச் சுலபமான முறை. ஈரம் வெளியேறாமல் இருக்க மேற்புறத்தில் பாதிக்கு மேல் மூடிவைக்கலாம். ஆனால் விளக்குகளுக்கு அடியில் எதையும் வைக்கக்கூடாது, காற்றோட்டமும் அறவே தடைப்படக்கூடாது.

மண் அரை அடி ஆழமாவது இருக்கவேண்டும். உரமும், வெண்ணிற உருண்டைகளாகக் கலந்து விற்கும் பெர்லைட்டும் சேராத சாதாரணத் தோட்ட மண் ஒரு பங்கு. தென்னை நார்த்தூள் ஒரு பங்கு. இவற்றோடு சிறிது சைப்ரஸ் மரச்சீவலும் கொஞ்சம் மணலும் சேர்த்துக் கலக்கலாம். இந்த நார்த்தூளைப் பற்றி ஒரு செய்தி சொன்னால் வாசகர்கள் சந்தோஷப்படுவார்கள். பொள்ளாச்சிச் சுற்றுவட்டாரத்தில் தேங்காய் மட்டையிலிருந்து கயிற்றுக்கு வேண்டிய நாரைப் பிரித்த பிறகு எஞ்சி, ஒரு காலத்தில் சாலையோரங்களில் மலையாகக் குவிந்து கிடந்த கழிவுதான் இது. இன்று அது கழுவி உலர்த்தப்பட்டு, செங்கல் செங்கல்லாக அழுத்தப்பட்டு, கடல் கடந்து அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போகிறது. அந்தக் கட்டியைத் தண்ணீரில் இட்டால் பல மடங்காகப் பெருகி, தன் எடையைப் போல் பல பங்கு நீரை உறிஞ்சிவைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக வெளிவிடுகிறது. ஈரம் காப்பதற்கு இதைவிடச் சிறந்த பொருள் அரிது. கூழாங்கல்லை ஆமை விழுங்கிவிடக்கூடும்; சீடார், பைன் மரத்தூள்களின் வாசனைச் சத்து அதன் சுவாசத்துக்கு ஆகாது. இவற்றை ஒதுக்கிவிட வேண்டும்.

மண்ணின் பதம் என்னவென்று கேட்டால், தமிழ்நாட்டுப் பெண்களுக்கு ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம்: புட்டுமாவின் பதம். கையில் எடுத்துப் பிடித்தால் பிடியாக நிற்கவேண்டும். விரலால் தொட்டால் உதிரவேண்டும். பிழிந்தால் நீர் சொட்டக்கூடாது. அந்தப் பதத்தை எப்படிக் காப்பாற்றுவது என்பதில் ஒரு நுட்பம் உண்டு. மேலாகத் தெளிக்கும் நீர் மேற்பரப்பை மட்டும் நனைத்துவிட்டுச் சூட்டில் ஆவியாகிவிடும். மேல் மண் எப்பொழுதும் சொதசொதவென்று இருந்தால் வயிற்று ஓட்டில் அழுகல் நோயும் வரும். ஆகவே நீரைப் பெட்டியின் நான்கு மூலைகளிலும் சுவரை ஒட்டி மெதுவாக ஊற்றவேண்டும். அது அடிக்கு இறங்கி, அடி மண்ணை நனைத்து, அங்கிருந்து மெல்ல மேலேறி, மேலே பரப்பிய சருகுக்கு அடியில் ஆவியாகத் தேங்கி நிற்கும். மேல் சருகு உலர்ந்திருக்க, அடியில் நான்கு விரல் ஆழத்தில் குளிர்ந்த ஈரம் நிலைக்கவேண்டும். காட்டின் தரை அப்படித்தான் இருக்கிறது.

மண்ணின்மேல் சருகு தாராளமாக வேண்டும். ஓக், மேப்பிள் இலைகளை இலையுதிர் காலத்திலேயே சாக்கு நிறைய வாரிவைத்துக்கொள்வது வழக்கம். ஒரு புறத்தில் நன்றாக நனைத்த ஸ்பாக்னம் பாசியைக் குவித்து, அதன்மேல் வளைந்த மரப்பட்டை ஒன்றைக் கவிழ்த்துவிட்டால், ஆமைக்குப் பிடித்தமான படுக்கை அறை அமைந்துவிடும். வெப்பமான பக்கத்திலும் அப்படியே ஒரு மறைவிடம் இருக்கட்டும். சூடு வேண்டுமா மறைவு வேண்டுமா என்று அந்தப் பிராணி தத்தளிக்கும்படி வைப்பது நியாயமன்று. துள்ளித் திரியும் வெண்ணிறப் பொடிப் பூச்சிகளையும், தொட்டால் உருண்டுகொள்ளும் சிறு மண்பூச்சிகளையும் உள்ளே விட்டுவைத்தால், அவை ஆமையின் எச்சத்தையும் சிந்திய இரையையும் தின்று மண்ணைச் சுத்தமாக வைத்திருக்கும். ஆமையும் அவ்வப்போது அவற்றைத் தின்னும்.

மேரிலாந்து மாநிலத்தில் வசிக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் வீட்டு நிலவறையில் இத்தகைய இருப்பிடம் ஒன்றைப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. பள்ளியில் படிக்கும் பெண் ஒருத்தி அதைப் பரிபாலித்து வந்தாள். திருவையாற்றிலிருந்து வந்திருந்த அவளுடைய பாட்டியும் நானுமாகப் பெட்டியைக் குனிந்து பார்த்தபோது, சருகும், பெரணிச் செடி ஒன்றும், தண்ணீர்த் தட்டும் தவிர எதுவும் கண்ணில் படவில்லை.

"எங்கடி அது? ஒண்ணையும் காணோமே!" என்றார் பாட்டி.

"கொஞ்சம் இருங்க பாட்டி. மழை பெஞ்சாத்தான் அது வெளியில வரும்" என்று சொல்லிவிட்டு, அந்தப் பெண் ஒரு பூவாளியில் வெதுவெதுப்பான நீரை எடுத்து வந்து சருகின்மேல் தூறலாகப் பொழிந்தாள்.

சற்று நேரத்துக்கு ஒன்றும் நிகழவில்லை. பிறகு மரப்பட்டையின் ஓரத்தில் ஓர் இலை அசைந்தது, அடுத்ததும் அசைந்தது. செதில்களின் இடுக்கில் ஈர மண் ஒட்டிய ஒரு முன்னங்கால் வெளியே வந்து ஊன்றியது. மஞ்சள் புள்ளியிட்ட தலை அதன் பின்னால் எழும்பி, கழுத்தை நீட்டி, சிவந்த கண் ஒன்றை எங்கள் பக்கம் சாய்த்துப் பார்த்தது. அவள் போட்ட மண்புழுவைக் கண்டதும், அதுவரை இருந்த நிதானம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. விரைந்து வந்து, நடுவில் கவ்வி, இரு முன்னங்கால்களாலும் மாறிமாறி இழுத்து அறுத்து விழுங்கிவிட்டு, வாயோரத்து மண்ணைக் காலால் துடைத்துக்கொண்டது. கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்க வழியிருந்ததனால்தான், வேண்டும் என்று தோன்றியபோது அது தைரியமாக வெளியே வந்தது என்பதை அங்கே நான் உணர்ந்தேன். எப்பொழுதும் பார்வைக்குத் தெரியவேண்டும் என்பதற்காக மறைவிடங்களைக் குறைத்து வைக்கிறவர்கள், உண்மையில் அஞ்சி ஒடுங்கிய ஆமையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

மண் சரியாக அமைந்த பிறகு வெப்பத்தையும் ஒளியையும் கவனிக்கலாம். ஆமைக்குத் தன் உடலில் சூட்டை உண்டாக்கிக்கொள்ளும் சக்தி இல்லை; சூடான இடத்துக்கும் குளிர்ந்த இடத்துக்கும் மாறிமாறி நகர்ந்தே அது தன் உஷ்ணத்தைச் சரிசெய்துகொள்கிறது. ஆகையால் பெட்டி முழுவதையும் ஒரே சீராகச் சூடாக்கக்கூடாது. ஒரு கோடியில் விளக்குக்கு நேர் கீழே 29 முதல் 31 டிகிரி வரையிலும், மறு கோடியில் 21, 22 டிகிரியும் இருக்கட்டும். இரவில் விளக்கை அணைத்துவிட வேண்டும். 18 டிகிரி வரை இறங்கினால் பாதகமில்லை. அதற்கும் கீழே போகுமானால், வெளிச்சம் இல்லாமல் வெப்பத்தை மட்டும் தரும் பீங்கான் குமிழைத் தெர்மாஸ்டாட்டோடு இணைத்துத் தொங்கவிடலாம். இரவுக்கென்று விற்கும் சிவப்பு, நீல விளக்குகள் அதன் உறக்கத்தைக் கெடுப்பவை. சூட்டைக் கையால் தொட்டு மதிப்பிடுவது போதாது. ஆமையின் முதுகு இருக்கும் உயரத்தில் வெப்பமானியை வைத்து அளக்கவேண்டும். ஈரமானியின் முனை சருகுக்குள் இருக்கவேண்டும். தண்ணீரும் மின்சாரமும் அருகருகே இருப்பதால், விளக்கைக் கவ்வியை மட்டும் நம்பி விடாமல் சங்கிலியால் கட்டுவது நலம். உலர்ந்த சருகின்மேல் விழுந்த விளக்கு வீட்டையே எரித்துவிடக்கூடும்.

ஒளியில் ஒரு பகுதி கண்ணுக்குத் தெரியாதது; ஆனால் அது இல்லாவிட்டால் மற்றெல்லாம் வீண். சூரிய ஒளியில் உள்ள புற ஊதாக் கதிர்களில் 'பி' என்று பிரிக்கப்பட்ட பகுதி, தோலில் உள்ள ஒருவகைக் கொழுப்புப் பொருளின்மேல் பட்டு, அது உடற்சூட்டின் உதவியால் வைட்டமின் டி3 ஆக மாறுகிறது. அந்த வைட்டமின் இருந்தால்தான் உண்ட சுண்ணாம்புச் சத்து குடலிலிருந்து உடலில் சேரும். சேராதபோது, இரத்தத்துக்கு வேண்டிய சுண்ணாம்பை உடல் தன் எலும்பிலிருந்தும் ஓட்டிலிருந்தும் எடுத்துக்கொள்ளத் தொடங்குகிறது. வளரும் குஞ்சுகளின் ஓடு மெத்தென்று அமுங்குவதும், கோணலாகப் போவதும் இதனால்தான். ஜன்னல் வழியே வரும் வெயில் போதாதா என்று கேட்கிறார்கள். போதாது, சாதாரணக் கண்ணாடி இந்தக் கதிர்களை ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடுகிறது. அதற்கென்று செய்யப்பட்ட நீண்ட குழல் விளக்கை, செய்தவர்கள் குறிப்பிட்ட உயரத்தில், இடையே கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ இல்லாமல் அமைக்கவேண்டும். அதன் வெளிச்சம் குறையாவிட்டாலும் கதிரின் வலிமை காலப்போக்கில் குறைந்துவிடுவதால், குறித்த காலத்தில், பெரும்பாலும் வருஷத்துக்கு ஒரு முறையேனும், அதை மாற்றவேண்டும். நாளொன்றுக்கு 12 முதல் 14 மணி நேரம் எரியும்படி டைமர் வைத்துவிட்டால், வெளியே நாலரை, ஐந்து மணிக்கே இருட்டிவிடும் டிசம்பரிலும் ஆமைக்குக் கோடையின் பகல் நீளம் கிடைக்கும். அப்படியிருந்தும் சில முதிய ஆமைகள் நவம்பரில் இரையை மறுத்து மூலையில் புதைந்துகொள்வது உண்டு.

தண்ணீர்த் தட்டு அகலமாகவும் ஆழம் குறைந்ததாகவும், ஆமை நின்றால் தாடைக்கு மேல் ஏறாத அளவிலும் இருக்கவேண்டும். பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் மண்தட்டு இதற்குப் பொருத்தம். அது குடிப்பதும் குளிப்பதும் கழிப்பதும் அதிலேயே ஆகையால் தினந்தோறும் கழுவி நீர் மாற்றவேண்டும். இதைத் தவிர, வாரத்தில் ஓரிரு முறை வெதுவெதுப்பான நீரில் கால் மணி நேரம் நிற்கவிடுவது பனிக்கால வறட்சிக்கு நல்ல பரிகாரம்.

ஆகாரத்தில் இது சைவமும் உண்ணும், அசைவமும் உண்ணும். மண்புழு, ஓடில்லாத நத்தை, சுவர்க்கோழி ஆகியவை பாதியும், காய்கனி, கீரை, காளான் ஆகியவை பாதியுமாக இருக்கலாம். காட்டில் மனிதருக்கு நஞ்சாகும் காளான்களையும் இது தின்று ஜீரணிப்பது பிரசித்தம். பரங்கிக்காய், காரட், சர்க்கரைவள்ளி ஆகியவற்றை வாரந்தோறும் சேர்ப்பது மிகவும் அவசியம். வைட்டமின் ஏ குறைந்தால் கண்ணிமை வீங்குவதும், காதுப் பக்கத்தில் சீழ் கட்டி உப்புவதும் இந்த ஆமைகளுக்கு அடிக்கடி வரும் பிணிகள். கணவாய் மீனின் ஓட்டை ஒரு மூலையில் போட்டுவைத்தால் வேண்டும்போது கடித்துக்கொள்ளும். சமையலறைத் தராசில் வாரத்துக்கு ஒரு முறை நிறுத்து எழுதிவைக்கும் பழக்கம், கண்ணுக்குத் தெரியும் முன்பே நோயைக் காட்டிக்கொடுக்கும். மூக்கில் நுரை, வாயைத் திறந்து மூச்சு விடுதல், பல நாட்கள் கண் திறவாமை ஆகியவற்றில் எதைக் கண்டாலும், ஊர்வனவற்றுக்கு வைத்தியம் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் தாமதமின்றிக் காட்டவேண்டும். ஆமையைத் தொட்டவர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவவேண்டும். சால்மொனெல்லா கிருமி ஆமைகளின் உடலில் வெளிக்குத் தெரியாமல் இருக்கும். குழந்தைகளுக்கு அது தொற்றியதால்தான் 1975-ல் அமெரிக்க அரசாங்கம் நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை விற்பதைத் தடை செய்தது.

இவ்வளவு பிரயாசைப்படுகிறவர்கள், தங்கள் ஆமை எங்கிருந்து வந்தது என்பதையும் அதே அக்கறையோடு கவனிக்கவேண்டும். லூஸில் ஸ்டிக்கல் என்ற அம்மையார், மேரிலாந்தில் உள்ள பட்டக்ஸெண்ட் வனவிலங்கு ஆராய்ச்சி நிலையத்தின் காடுகளில் 1940-களில் தொடங்கி நெடுங்காலம் இந்த ஆமைகளுக்கு அடையாளமிட்டுப் பின்தொடர்ந்து பார்த்தார். ஒவ்வொரு ஆமையும் சுமார் நூறு மீட்டர் குறுக்களவுள்ள ஒரு நிலத்துண்டையே தன் வாழ்விடமாகக் கொண்டு, ஆண்டுக்கு ஆண்டு அதிலேயே சுற்றி வருவதை அவருடைய ஆராய்ச்சி தெளிவாக்கியது. வேறிடத்தில் கொண்டுபோய் விட்ட ஆமைகளில் பல, பழைய இடத்தைத் தேடிச் சாலைகளைக் கடந்து அலைகின்றன. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வாழக்கூடிய இந்தப் பிராணி ஓர் ஈட்டுக்கு மூன்று முதல் எட்டு முட்டைகளே இடுகிறது. அவற்றிலும் பெரும்பகுதியை ராக்கூன் முதலியவை தோண்டித் தின்றுவிடுகின்றன. ஆகவே காட்டிலிருந்து ஒரு பெண் ஆமையைத் தூக்கிவருவது, அந்த இடத்தில் இன்னும் பல ஆண்டுகளுக்கு உண்டாகவேண்டிய சந்ததியை அடியோடு எடுத்துவிடுவதாகும். 1995 முதல் சர்வதேச வியாபாரத்தில் இதற்குக் கட்டுப்பாடு உண்டு. பல மாநிலங்களில் காட்டில் பிடிப்பதே குற்றம். வளர்ப்பு நிலையில் பிறந்ததையோ, வைத்துக்கொள்ள இயலாதவர் ஒப்படைத்ததையோ மட்டுமே ஏற்கவேண்டும். இதைப் படித்துவிட்டு நம் ஊரில் நட்சத்திர ஆமைக்கு இப்படி ஒரு பெட்டி செய்யலாம் என்று எவரும் எண்ணிவிடக்கூடாது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வீட்டில் வைத்திருப்பது தண்டனைக்குரியது, தர்மமும் அன்று.

மே மாதத்தில் இரவுகள் 10 டிகிரிக்குக் கீழே இறங்குவது நின்றவுடன், ஆமையை வெளித் தோட்டத்துக்கு மாற்றலாம். முதல் சில நாட்களுக்கு, வெயில் ஏறிய பிறகு இரண்டு மூன்று மணி நேரம் மட்டும், நிழலும் தண்ணீரும் உள்ள வேலிக்குள் விட்டு, மாலையில் திரும்ப எடுத்துக்கொள்ளவேண்டும்; எடை குறையாமல் இரை எடுப்பதைப் பார்த்துக்கொண்டே நேரத்தை நீட்டலாம். பெட்டி காலியானதும் பழைய மண்ணைப் பூச்செடிகளின் பாத்தியில் கொட்டிவிட்டு, ரப்பர் விரிப்பைத் தேய்த்துக் கழுவி வெயிலில் உலர்த்தவேண்டும். நார்த்தூளும் மண்ணும் அடுத்த செப்டம்பரில் புதிதாகக் கலந்துகொள்ளலாம். சருகை மட்டும், பூச்சி மருந்து தெளிக்காத இடமாகப் பார்த்து, முன்கூட்டியே விசாரித்து வைத்துக்கொள்வது நல்லது.